ஃபுல் ஃபேமிலி மாமியும் நாலாவது சீட்டும்

ஃபுல் ஃபேமிலி மாமி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் இருந்த அத்தனை வீடுகளிலும் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நின்றுகொண்டே காபி குடிப்பார். நின்றுகொண்டே கீரை ஆய்வார். சொசைட்டியின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளருக்கென்று போடப்படும் நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். ராத்திரியிலாவது படுப்பாரா என்று வாட்ச்மேன் யாதவ் ஒருமுறை என்னிடம் சந்தேகம் கேட்டார். நான் எதிர்வீட்டுக்காரன். எனக்கும் தெரியவில்லை.

மும்பையில் ஹவுசிங் சொசைட்டி செயலாளர் பதவிக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. தண்ணீர் டேங்கர் வராவிட்டால் திட்டு, வந்தால் பார்க்கிங்கை மறைத்துவிட்டது என்று திட்டு. அதனால் கூட்டத்துக்கு வராதவர் யாரோ அவர் தலையில் அதைக் கட்டிவிடுவது வழக்கம். மாமி ஒருவர்தான் கூட்டத்துக்கு வந்து, நின்று, கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விளங்கியது. லிஃப்ட்டின் சாவி செயலாளரிடம் இருக்கும்.

ஏழு மணிக்கு லிஃப்ட் நின்றது. படியேறி வந்த மாமி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மணியடித்தார். அடித்துவிட்டு நகரமாட்டார். திறக்கும்வரை நிற்பார், நிற்பதில் அவரை வெல்ல ஆளில்லை. எங்கள் வீட்டில் நான்தான் திறந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் பின்னிரவுவரை வேலை பார்த்துவிட்டு வந்த கண்கள் எனக்கு.

"பேப்பர்காரரே, கீழ வாங்கோ. ஆத்துக்காரியையும் பொண்ணையும் கூட்டிண்டு வாங்கோ."

"என்ன விஷயம் மாமி?"

"ஒண்ணுமில்லை. ஓடப்போறோம்."

"மாமி, நான் ராத்திரி டியூட்டி."

"தெரியும். லோகத்துல நடக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நடக்கறது மட்டும்தான் தெரியாது."

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இறங்கவேண்டியதாயிற்று.

மாமியின் சட்டம் ஒன்றே ஒன்று. குடும்பமாக வரவேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் திருப்பியனுப்பிவிடுவார். ஆறாவது மாடி கிருஷ்ணன், வங்கி அதிகாரி, காரில் அலுவலகம் போகிறவர், எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் கடிகாரத்தைக் கையில் கட்டியிருப்பவர், முதல் ஞாயிறு கம்பீரமாகத் தனியாக வந்து நின்றார். புது ஷூ. மாமி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்தவா எங்கே?"

"அவ சமையல்கட்டுல இருக்கா மாமி. பையன் தூங்கறான். நான் ரெடி."

"நீங்க நடந்துட்டுப் பசியோட மேல போவேள். அவ நின்னுண்டே உங்களுக்குத் தோசை வார்ப்பா. இதுல எக்சர்சைஸ் பண்ணினது யாரு? போங்கோ, ஃபுல் ஃபேமிலியா வாங்கோ."

புது ஷூ ஆறு மாடி ஏறியது. லிஃப்ட் ஓடவில்லை என்பதால் அவருக்கு வேண்டிய உடற்பயிற்சி அதிலேயே கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து யாதவ் மாமியை ஃபுல் ஃபேமிலி மாமி என்றே அழைத்தார். நாங்களும். மின்சார பில்லில் வரும் சொந்தப் பெயர் அதோடு வழக்கொழிந்தது.

சட்டத்தை வளைக்கப் பார்த்தவர்கள் உண்டு. முதல் மாடியில் ஒருவர், தன் மகனுக்கு ஐரோலியில் ஐ.டி. வேலை, ஞாயிறும் ஷிஃப்ட், வரமாட்டான் என்றார். வீடியோ காலில் காட்டட்டும் என்றார் மாமி. போனில் மகனின் முகம் வந்தது. "தம்பி, உக்காந்திருக்கியா? எழுந்துக்கோ. கையைத் தூக்கு. குதி." அலுவலகத்தின் காபி மெஷின் பக்கத்தில் அந்தப் பையன் குதிக்க, என்ன ஏது என்று பார்க்கவந்த இன்னும் சிலரும் குதித்தார்கள். பிறகு அவர்கள் சனிக்கிழமையே போன் செய்து நாளைக்கு என்ன ஆட்டம் என்று கேட்கும் நிலை வந்தது என்று அந்தத் தகப்பனார் சொன்னார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது மாடி ஹமீது பாய் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தார்.

"மாமி, வாரம் பூரா தோலோட மல்லுக்கட்டிட்டு வாரேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளு மனுசன் படுத்துக் கெடக்கக்கூடாதா?"

"தோலோட மல்லுக்கட்டறேள், சரி. பொண்டாட்டி குழந்தைகளோட எப்போ விளையாடறேள் பாய்?"

பாய் தாடியைத் தடவினார். அவர் மனைவி ஜுலைகா ஏற்கெனவே துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் பாதி இறங்கியிருந்தார். அன்று கோ-கோ. ஜுலைகா ஆடுவதைப் பார்த்தபோது மற்றவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூட நாளில் கோ-கோ அணியில் இருந்தவராம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஹமீது பாய்க்கே அது தெரியாது. முதல் சுற்றிலேயே முதுகில் அறை வாங்கி வெளியே வந்து என் பக்கத்தில் மூச்சுவாங்கியபடி நின்றார்.

"சார், இந்தக் கை இப்பிடி விழும்னு தெரிஞ்சிருந்தா நான் கொஞ்சம் மருவாதியா நடந்திருப்பேன்."

இப்படி ஒற்றைக்காலில் தாவிப் பிடிக்கும் லங்டி, ரிங் பந்து, ஏழு கல் என்று கட்டிடம் முழுக்க மூச்சுவாங்கியது. மாமிக்கு விளையாட்டு எதுவும் சரியாகத் தெரியாது. விசில் ஊதுவார், நிற்பார், உட்கார நினைப்பவரை முறைப்பார். ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்று ரயில் நிறுத்தப்படும் ஞாயிறுகளில் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "இன்னிக்கு எங்கேயும் ஓடமுடியாது. இங்கேயே ஓடுங்கோ."

இத்தனை பேரைக் கீழே இறக்கிய மாமியால் ஒரே ஒருவரை இறக்கமுடியவில்லை. அவர் கணவர்.

மாமா தெற்கு மும்பையில் கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஹார்பர் லைனில் போய்வந்தவர். செம்பூருக்கு வரும்போதே வண்டி நிரம்பியிருக்கும். அவர் பெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய ஸ்டேஷன்களில் ஏறி உட்கார்ந்து வரும் சிநேகிதர்கள் வடாலா வந்ததும் எழுந்து, நின்று வந்தவர்களுக்கு இடம் தருவார்கள். மாமா ரயிலில் உட்கார்ந்ததெல்லாம் அந்தக் கடைசிச் சில ஸ்டேஷன்களில்தான். அதுவும் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக, பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி காற்றிலுமாக. ஓய்வு பெற்ற மறுநாள் மூன்றாவது மாடி ஜன்னலோரம் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"வாழ்நாள் முழுக்க நின்னாச்சு," என்றார் என்னிடம். "இனிமே உக்காரப்போறேன். முழுசா."

அதை அவர் மிகுந்த நேர்மையுடன் செய்தார். சாப்பாடு நாற்காலிக்கு வந்தது. பேப்பர் நாற்காலிக்கு வந்தது. பிறகு சர்க்கரை வந்தது, காலில் வீக்கம் வந்தது. டாக்டரும் நாற்காலிக்கே வந்தார். நடக்கமுடியாத அளவுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இப்படியே இருந்தால் அடுத்த வருடம் நினைத்தாலும் கால் கேட்காது என்று அவர் சொன்னது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது. சொசைட்டிக் கூட்டத்தில் மாமி செயலாளர் பதவியைக் கேட்டது அதற்கு அடுத்த வாரம்.

கம்பவுண்டின் மேற்குப் பக்கம் பாதாம் மரம் உண்டு, நல்ல நிழல். ஆட்டமெல்லாம் நடந்தது கிழக்குப் பக்கம், சிமென்ட் தரையில், வெயிலில். ஏன் என்று பலர் முணுமுணுத்தார்கள். கிழக்குப் பக்கம்தான் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் மாமி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். ஜன்னலில் பேப்பர் தெரியும். பேப்பருக்கு மேல் வழுக்கை தெரியும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. கிருஷ்ணனின் மனைவி மாட்டுங்காவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கிருஷ்ணன் மகனோடு வந்தார். மாமி திருப்பியனுப்பினார். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போகிறவர் அன்று போகவில்லை. மகன் முன்னால் திருப்பியனுப்பியது உறைத்திருக்கவேண்டும்.

"ரூல்னா எல்லாருக்கும்தானே மாமி?"

"ஆமாம்."

"அப்போ உங்காத்து ஃபுல் ஃபேமிலி எங்கே?"

அவர் ஜன்னலைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கம்பவுண்டில் ஏழு கல்லுக்கு அடுக்கிவைத்த கற்கள் மட்டும் அசையாமல் இருந்தன. மற்ற எல்லோரும் எதையாவது சரிசெய்துகொண்டோம்.

மாமி கொஞ்சம் யோசித்தார். கோபம் இல்லை, கணக்கில் தவறு கண்டுபிடித்துக் காட்டப்பட்டவரின் முகம் அது. "சரியாத்தான் கேட்டேள்," என்றார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி லிஃப்ட் சாவியோடு யாதவ் கையில் கொடுத்தார். படியேறிப் போனார்.

அன்று சாயங்காலமே கிருஷ்ணன் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். மாமி காபி கொடுத்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு மணியடிக்க யாரும் வரவில்லை. ஏழு மணிக்கு நான் விழித்துக்கொண்டேன், அடிக்காத மணியின் சத்தத்தில். எங்கள் கட்டிடத்தில் காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து கம்பிக் கதவை மட்டும் சாத்தியிருப்போம். எதிர்வீட்டுப் பேச்சு கேட்டது.

"நீ போகலையா?"

"எனக்கு அங்கே எடமில்லை."

"யார் சொன்னா?"

"ரூல் சொல்றது."

"அது நீ போட்ட ரூல்தானே?"

"அதனாலதான்."

பேப்பர் மடிக்கும் சத்தம். மறுபடி விரிக்கும் சத்தம் வரவில்லை.

மாமி இல்லாமலே அந்த ஞாயிறு எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கீழே வந்தோம் என்பதுதான் வேடிக்கை. வந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றுவிட்டுப் போனோம்.

அதற்கடுத்த ஞாயிறு ஜுலைகா பொறுப்பெடுத்தார். மியூசிக்கல் சேர் ஆடலாம், ஆளுக்கொரு நாற்காலி இறக்குங்கள் என்றார். லிஃப்ட் ஓடியும் யாரும் நாற்காலி இறக்கவில்லை. ஹமீது பாயின் பட்டறையில் புது மேசை போட்டதால் வேண்டாமென்று கொண்டுவந்த பழைய மரப்பெஞ்சு ஒன்று கம்பவுண்டில் கிடந்தது. அதை நடுவில் இழுத்துப் போட்டு, ஒரு நேரத்தில் சில பேர் மட்டும் சுற்றுவது, இடம் கிடைக்காதவர் அவுட், அவருக்குப் பதில் அடுத்தவர் என்று வைத்துக்கொண்டார்கள். யாதவ் தன் போனில் ஒரு போஜ்புரிப் பாட்டைப் போட்டார். பாட்டு நின்றதும் ஒரே அமளி. கிருஷ்ணன் கால் இரண்டையும் அகட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் ஹமீது பாய், இன்னொரு பக்கம் ஜுலைகா. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. என் மனைவி உட்காரப் போனாள்.

"மூணு பேர் சீட் இது," என்றார் கிருஷ்ணன். "நீங்க அவுட்."

"எடம் இருக்கே," என்றாள் அவள்.

"இல்லியே. நான் உட்கார்ந்திருக்கேனே."

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் விழுந்தது.

"நாலு பேர்."

எல்லோரும் நிமிர்ந்தோம். ஜன்னலில் பேப்பர் இல்லை. மாமாவின் முழு முகம் இருந்தது.

"அந்த நீளத்துக்கு நாலு பேர். கிருஷ்ணன், காலை ஒடுக்கும். அது உம்ம காரா?"

கிருஷ்ணன் காலை ஒடுக்கினார்.

"பாய், நீர் சுவத்துப் பக்கம் தள்ளும்."

"இங்க செவரே இல்லியே மாமா."

"இருக்கறதா நெனச்சிண்டு தள்ளும்."

தள்ளினார். இடம் வந்தது. ஆனால் அடுத்த சுற்றில் எல்லாம் பழையபடி ஆயிற்று. கிருஷ்ணன் கால் விரிந்தது, யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப் போய்த் தரையில் விழுந்தார்கள். மேலேயிருந்து பெருமூச்சு கேட்டது. "சீட் பிடிக்கவே தெரியலை ஒருத்தருக்கும். இவாள்ளாம் பம்பாய்க்காரா." பிறகு ஜன்னல் காலியாயிற்று.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. கீழே வந்து இறங்கிய அவசரத்தில் யாரோ அதன் கம்பிக் கதவைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள், அது கீழேயே நின்றிருந்தது. மாமாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது, நிதானமாக, இடையிடையே நின்று. மாமா வெளியே வந்தார். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் மாமியுடையது. பின்னாலேயே மாமி, மாமாவுடைய மற்றச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடுவாரோ என்று கைகளை அகட்டியபடி.

ஜுலைகாதான் முதலில் சுதாரித்தார். "ஃபுல் ஃபேமிலி வந்தாச்சு. ரெண்டு பேரும் ஆட்டத்துல சேந்துக்கிடுங்க."

மாமா பெஞ்சை ஒரு சுற்று சுற்றிவந்து ஆராய்ந்தார். "இதோ பாருங்கோ. வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே எடத்தைக் கண்ணால பிடிக்கணும். அப்புறம் கைக்குட்டை. உடம்பு கடைசியிலதான்." வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "பாட்டைப் போடு யாதவ்."

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பாட்டு ஓடும்போது மற்றவர்கள் ஓடினார்கள். மாமா நடந்தார். கண் பெஞ்சிலிருந்து அகலவில்லை. பாட்டு நின்ற கணத்தில் கைக்குட்டை பெஞ்சில் கிடந்தது, அதன்மேல் மாமா இருந்தார். மறுபடி பாட்டு, மறுபடி நடை, மறுபடி கைக்குட்டை. ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நானும்தான். மாமாவுக்குப் பின்னால் மாமி சுற்றிவந்துகொண்டிருந்தார். அவர் பெஞ்சைப் பார்க்கவே இல்லை, அவரை அவுட் என்று சொல்லவும் யாரும் துணியவில்லை. மாமாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கிய அந்தக் கால்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு வருடமாகச் சமையலறைவரைகூட நடக்காத கால்கள்.

பாட்டு மறுபடி நின்றது. பெஞ்சில் காலை ஒடுக்கிக்கொண்டு கிருஷ்ணன், ஜுலைகா, ஹமீது பாய், ஓரத்து நாலாவது இடத்தில் மாமா. பாட்டு நின்றதே தெரியாமல் மாமி மட்டும் இன்னும் ஓர் அடி நடந்தார். பிறகு நின்றார்.

"மாமி அவு..." என்று ஆரம்பித்த கிருஷ்ணன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மாமா அண்ணாந்து மாமியைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை, கையில் இன்னும் அந்த ஒற்றைச் செருப்பு. எத்தனை காலமாக நின்றுகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் கவனித்தவர் மாதிரி பார்த்தார்.

"வடாலா வந்தாச்சு," என்றார்.

ஹமீது பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ உக்காரு."

"எனக்கென்ன, நான் நிப்பேன்," என்றார் மாமி.

"தெரியும். உக்காரு."

மாமி உட்கார்ந்தார். பாதி பெஞ்சிலும் பாதி காற்றிலுமாக, எப்படி உட்காருவது என்று தெரியாதவர் போல. ஹமீது பாயும் ஜுலைகாவும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

யாதவ் பாட்டைப் போட்டார். ஆட்டத்தின் விதிப்படி எல்லோரும் எழுந்து சுற்றவேண்டும். பெஞ்சிலிருந்த மற்ற மூவரும் எழுந்தார்கள். மாமி எழவில்லை. அவுட் ஆகிப்போன நாங்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம். மாமா முன்னால் நடக்க, அவருக்குப் பின்னால் குடும்பம் குடும்பமாக, உட்கார்ந்திருந்த மாமியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தோம். பாட்டை நிறுத்தும்படி யாதவிடம் யாரும் சொல்லவில்லை.